எலக்ட்ரான் சங்கிலி: ஆறாம் படிவ மாணவர்கள் தவறும் இடங்கள்

பினாங்கில் ஆறாம் படிவ உயிரியல் டியூஷன் வகுப்பு நடத்தும் நான், ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்கள் கைமாறிச் செல்லும் சங்கிலியைப் பற்றிய என் பழைய தவறுகளை மாணவர்களின் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காண்கிறேன். பெயர்களை மாற்றி எழுதுவது போன்ற சறுக்கல்கள் பயிற்சியில் மறைந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எலக்ட்ரான் நேரடியாக ஏடிபியை உருவாக்குகிறது என எழுதுவது

செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைப் பற்றி, இன்றும் என்னை எரிச்சலடைய வைக்கும் தவறு இது. ஆறாம் படிவத்தின் இறுதியில் வரும் எஸ்டிபிஎம் தேர்வுக்குப் படித்தபோது, "எலக்ட்ரான் சங்கிலியில் இறங்குகையில் ஏடிபி உருவாகிறது" என்ற வரியை மனப்பாடம் செய்து எழுதி, கட்டுரை வினாவில் பாதி மதிப்பெண்ணை இழந்தேன். நடுவில் நடப்பது அந்த வரியில் இல்லவே இல்லை.

ஒளியை உறிஞ்சும் புரதத் தொகுப்பான ஒளி அமைப்பு 2இல் ஒளியால் கிளர்ச்சியுற்ற எலக்ட்ரான், அதைச் சுமந்து செல்லும் பிளாஸ்டோகுவினோன் வழியாகச் சைட்டோகுரோம் என்னும் புரதக் கூட்டமைப்பைக் கடக்கும்போது விடுபடும் ஆற்றல், புரோட்டான்களைப் பசுங்கணிகத்தில் உள்ள பை போன்ற தைலகாய்டின் உள்ளே தள்ளுகிறது. நீர் பிளவுபடும்போது வெளிப்படும் புரோட்டான்களும் அங்கேயே சேர்கின்றன. உள்ளே பிஎச் சுமார் 5, வெளியே, அதைச் சூழ்ந்த திரவமான ஸ்ட்ரோமாவில் சுமார் 8 என்றால், புரோட்டான் செறிவில் 1000 மடங்கு வேறுபாடு இருக்கிறது. ஒளியின் ஆற்றல் அந்த வேறுபாட்டில்தான் தேங்கி நிற்கிறது. புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் நொதியின் வழியே வெளியேறும்போதே ஏடிபி உருவாகிறது.

நம்ப மறுக்கும் மாணவருக்கு ஆய்வாளர்கள் ஜாகன்டார்ஃபும் உரிபேயும் 1966இல் வெளியிட்ட சோதனையைச் சொல்வேன். தைலகாய்டுகளை அமிலக் கரைசலில் ஊறவைத்து, இருட்டிலேயே பிஎச் 8 கரைசலுக்கு மாற்றி, ஏடிபியின் முன்னோடி மூலக்கூறான அடினோசின் டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும் கொடுத்தபோது, ஒளியால் இயங்கும் எலக்ட்ரான் ஓட்டம் இல்லாமலே ஏடிபி உருவானது. மாறாக, ஒளியில் உள்ள தைலகாய்டுகளுக்கு அம்மோனியம் குளோரைடு சேர்த்தால் எலக்ட்ரான் ஓட்டம் தொடரும். புரோட்டான் வேறுபாடு குலைவதால் ஏடிபி உருவாகாது.

ஒளி அமைப்பு 1ஐ முதலில் வரைவது

எண்கள் கண்டறியப்பட்ட வரிசையைக் காட்டுகின்றன. ஓட்டம் 2இல் தொடங்குகிறது.

ஆக்சிஜன் எங்கிருந்து?

நீரிலிருந்து. கார்பன் டைஆக்சைடிலிருந்து அல்ல.

சாயச் சோதனையில் அவசர முடிவு

சௌராஸ்தா சந்தையில் வாங்கிய கீரையை அரைத்து வடிகட்டி, டிசிபிஐபி என்ற நீலச் சாயத்துடன் வெளிச்சத்தில் வைக்கிறோம். நீலம் மறைந்ததும் "ஏடிபி உருவானது" என்று எழுதிவிடுகிறார்கள். சங்கிலியில் ஓடிய எலக்ட்ரானைச் சாயம் வாங்கிக்கொண்டது என்பதை மட்டுமே அந்த நிறமாற்றம் காட்டுகிறது. புரோட்டானைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வெள்ளித்தாள் சுற்றிய குழாயில் நீலம் அப்படியே இருப்பதையும் உடன் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல், நிறம் மறைந்ததற்கு ஒளிதான் காரணம் என்று எழுத உங்களுக்கு ஆதாரம் கிடையாது.