ஓட்டல் ஸ்டைல் புதினா சாஸ்: நீர்த்துப் போகாமல், கறுக்காமல் செய்வது எப்படி?

தந்தூரி சிக்கன், பனீர் டிக்கா கேட்டால் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெளிர்பச்சையாக ஒரு சாஸ் வைப்பார்களே, அதைத்தான் இங்கே செய்யப்போகிறோம். இட்லிக்கு அரைக்கும் புதினாச் சட்னியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் இலையை எண்ணெயில் வதக்கி, தேங்காயோ உளுந்தோ சேர்த்து அரைப்போம். இதில் இலை பச்சையாகவே இருக்கும். பாதிக்கு மேல் தயிர். சீரகம் வறுக்க மட்டும்தான் அடுப்பு.

வீட்டில் செய்தால் ஓட்டல் மாதிரி வருவதில்லை என்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றே: தயிர், இலை, மிளகாய் எல்லாவற்றையும் ஒரே ஜாரில் போட்டுச் சுற்றிவிடுவது. மிக்ஸி பிளேடு சுற்றும் வேகத்தில் தயிரின் கட்டு உடைந்துவிடும். அப்புறம் கிடைப்பது பச்சை மோர். ஆகவே விழுது தனி, தயிர் தனி. இரண்டும் சேர்வது கடைசியில்தான், அதுவும் கரண்டியால்.

தேவையானவை (4 பேருக்கு)

கொழுப்பு நீக்காத, புளிக்காத தயிர் – 400 கிராம்
புதினா இலை – 30 கிராம் (அழுத்தி அளந்தால் ஏறக்குறைய 1 கப்)
கொத்தமல்லி, இளந்தண்டோடு – 40 கிராம்
பச்சை மிளகாய் – 2
இஞ்சி – அரை அங்குலத் துண்டு
பூண்டு – 1 சின்னப் பல்
பொட்டுக்கடலை – 1 டேபிள்ஸ்பூன்
எலுமிச்சைச் சாறு – 2 டீஸ்பூன்
வறுத்த சீரகப் பொடி – அரை டீஸ்பூன்
சாட் மசாலா – அரை டீஸ்பூன்
கருப்பு உப்பு – கால் டீஸ்பூன்
சர்க்கரை – அரை டீஸ்பூன்
ஐஸ் கட்டி – 2

கருப்பு உப்பு என்று கேட்டால் சில கடைகளில் இந்துப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. கருப்பு உப்பைப் பொடித்தால் இளஞ்சிவப்பாகவோ சாம்பல் கலந்த ஊதாவாகவோ இருக்கும்; முகர்ந்தால் அவித்த முட்டை வாசனை லேசாக வரும். ஓட்டல் சாஸில் 'என்னவோ ஒரு ருசி' என்று தோன்றுவதில் பாதி இந்த உப்புதான்.

1. முதலில் தயிரை வடிகட்டுங்கள்

மெல்லிய பருத்தித் துணியை வடிகட்டியில் விரித்து, தயிரை ஊற்றி மூட்டையாகக் கட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜில் 2 மணி நேரம் விடுங்கள். வெளியே தொங்கவிட்டால் அதற்குள் புளிப்பு ஏறிவிடும். 400 கிராம் தயிரில் சுமார் 250 கிராம் மிஞ்சும். கரண்டியைக் கவிழ்த்தால் உடனே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம். வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

2. இலையைச் சுத்தம் செய்வது

புதினாவில் இலை மட்டும்தான் வேண்டும். தண்டு நார் மாதிரி இருக்கும், கசக்கவும் செய்யும். கருப்புப் புள்ளி விழுந்த இலை, முற்றித் தடித்த இலை இரண்டையும் தள்ளிவிடுங்கள். கொத்தமல்லி அப்படியல்ல; வாசனை அதன் இளந்தண்டிலும் இருக்கிறது, வேரும் அடித்தண்டும் போனால் போதும்.

குழாயடியில் காட்டினால் மண் போகாது. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு இலையை அமுக்கி அலசி, இரண்டு நிமிடம் விட்டால் மண் அடியில் தங்கும். பிறகு இலையைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தோடு சாய்த்து வடித்தால் அடியில் கிடந்த மண் மறுபடி இலைமேலேயே வந்து உட்காரும். அலசியதைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். இந்த ஈரம்தான் பின்னால் சாஸ் நீர்த்துப்போக இன்னொரு காரணம்.

புதினாவை மட்டும் போட்டு அரைத்தால் மருந்து வாசனை அடிக்கும். நிறத்துக்கும் சதைப்பற்றுக்கும் கொத்தமல்லி, மணத்துக்குப் புதினா. அதனால்தான் கொத்தமல்லி சற்றுக் கூடுதல்.

3. அரைப்பது

பொட்டுக்கடலையை மட்டும் சட்னி ஜாரில் போட்டு முதலில் மாவாகப் பொடித்துவிடுங்கள். இலையோடு சேர்த்துப் போட்டால் குருணையாக நின்று நாக்கில் நெருடும். அடுத்து மிளகாய், இஞ்சி, பூண்டு, சர்க்கரை, 1 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. அதன்மேல் இலைகள், ஐஸ் கட்டி. தண்ணீர் வேண்டவே வேண்டாம், ஐஸ் உருகுவதே போதும்.

தொடர்ந்து ஓடவிடாமல், 5 நொடி ஓட்டி நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி 5 நொடி என்று நாலைந்து முறை அரையுங்கள். ஜார் சூடானால் விழுது சீக்கிரம் கறுக்கும். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவது போலத்தான் இதுவும்: இலை நசுங்கியதும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து வேலையைத் தொடங்குகிறது. குளிர்ச்சியும் எலுமிச்சையும் அதைத் தாமதப்படுத்தும். ரொம்ப நேரம் ஓட்டினால் கசப்பும் வரும்.

விருந்துக்கு முன்கூட்டியே செய்து வைப்பதானால், இலையைக் கொதிக்கும் நீரில் 10 நொடி மட்டும் முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, இறுகப் பிழிந்து அரைக்கலாம். நொதி செயலிழப்பதால் நிறம் நிற்கும். வாசனை கொஞ்சம் குறையும், ஆகவே அன்றன்றைக்குச் செய்பவர்களுக்கு இது தேவையில்லை.

4. கலப்பது

வடிகட்டிய தயிரைக் கட்டியில்லாமல் கரண்டியால் அடித்துக்கொள்ளுங்கள். விழுதை முழுவதும் கொட்டாமல் ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துக் கலக்குங்கள். வெளிர்பச்சை நிறம் வந்ததும் நிறுத்திச் சுவை பாருங்கள். மிளகாயின் காரம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. பிறகு சீரகப் பொடி, சாட் மசாலா, கடைசியாகக் கருப்பு உப்பு. சாட் மசாலாவிலேயே உப்பும் மாங்காய்ப் பொடியும் இருப்பதால் கை அடக்கமாக இருக்கட்டும். புளிப்பு போதவில்லையென்றால் மட்டும் மீதி எலுமிச்சைச் சாறு.

மூடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பொட்டுக்கடலை ஈரத்தை இழுத்துச் சாஸ் இன்னும் இறுகும், பூண்டின் பச்சை நெடியும் மட்டுப்படும். பதம் பார்க்க ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் விட்டு லேசாகச் சாய்த்துப் பாருங்கள். குவியலாக மெல்ல நகர்ந்தால் சரி. சுற்றிலும் பச்சைத் தண்ணீர் வளையம் கட்டினால் தயிர் போதிய அளவு வடியவில்லை.

சரியாக வராவிட்டால்

நீர்த்துவிட்டதா? இன்னும் இரண்டு ஸ்பூன் வடிகட்டிய தயிர் சேருங்கள். பொட்டுக்கடலை மாவை மேலும் தூவினால் கெட்டியாகும், ஆனால் மாவு ருசி தூக்கலாகத் தெரியும். காரம் கூடினாலும் தயிர்தான் தீர்வு. லேசான கசப்பை ஒரு சிட்டிகை சர்க்கரை மறைக்கும். நன்றாகக் கசந்தால் தண்டு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேற்ற முடியாது. வெங்காயம் போடும் வழக்கம் சிலருக்கு உண்டு. உடனே சாப்பிடுவதானால் சரி. ஒரு மணி நேரம் போனால் வாடை கிளம்பிவிடும்.

வைத்திருக்க

கலந்த சாஸ் ஃபிரிட்ஜில் 2 நாள் தாங்கும். மேலே நீர் தெளிந்தால் கலக்கிக்கொள்ளலாம். விழுதை மட்டும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் ஒரு மாதம்வரை எடுத்துப் பயன்படுத்தலாம். தேவையான கட்டிகளைக் கிண்ணத்தில் போட்டு உருகவிட்டு, கசிந்த நீரை இறுத்துவிட்டு, அன்றைக்கு வடித்த தயிரில் கலக்க வேண்டும். தயிர் சேர்த்த சாஸை உறையவைத்துவிடாதீர்கள், உருகும்போது திரிதிரியாகப் பிரிந்துபோகும்.