மடற்குழு அஞ்சல்களைத் தனித்தனிக் கோப்புறையில் சேர்த்த கதை

மூன்று மடற்குழுக்களின் (ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் மடல் போகும் குழுக்கள்) அஞ்சல்கள் உள்பெட்டியில் கலந்து கிடந்ததால், தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் குழுவுக்கு ஒரு கோப்புறை அமைத்து, பொருள் வரியில் சதுர அடைப்புக்குள் வரும் குழுப் பெயரை வைத்துப் பிரிக்கும் வடிகட்டியை எழுதினேன். பொருள் வரியை யாராவது மாற்றினால் அது தவறியது. பெறுநர் முகவரியை வைத்துப் பிரித்தபோது, ஒரே மடல் இரண்டு குழுக்களுக்குப் போயிருந்தால் இரு பிரதிகளும் ஒரே கோப்புறையில் விழுந்தன.

பிறகு கண்ட்ரோல்-யு அழுத்தி அஞ்சலின் மூலத்தைப் பார்த்தேன். அதில் 'லிஸ்ட்-ஐடி' என்ற தலைப்பு வரி இருந்தது. மடல் எந்தக் குழுவுடையது என்று சொல்லும் இந்த வரியை 2001இல் ஆர்எஃப்சி 2919 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்தது. வடிகட்டி காட்டும் தலைப்பு வரிகளின் பட்டியலில் அது இல்லாததால் நானே சேர்த்தேன். கோண அடைப்புக்கு முன்னால் வரும் விளக்கப் பெயர் மாறக்கூடியது என்பதால், அடைப்புக்குள் இருந்த அடையாளத்தை மட்டும் கொடுத்தேன்.

அப்படியும் சில பதில்கள் உள்பெட்டியிலேயே நின்றன. இரண்டு நாள் வடிகட்டியையே வீணாகக் குடைந்தேன். அவை, 'அனைவருக்கும் பதில்' அழுத்தியவர்களிடமிருந்து நேராக எனக்கு வந்த பிரதிகள். குழு வழியாக வராததால் அவற்றில் லிஸ்ட்-ஐடி வரியே இல்லை. பெறுநர் வரியில் என் முகவரியைக் கண்ட மெயில்மேன் என்ற, மடற்குழுவை நடத்தும் மென்பொருள், குழுப் பிரதியை எனக்கு அனுப்பாமல் விட்டிருந்தது. உறுப்பினர் விருப்பங்களில், இரட்டைப் பிரதிகளைத் தவிர்க்கவா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று மாற்றினேன். மறுநாள் முதல் உரையாடல்கள் விடுபடாமல் கோப்புறையில் சேர்ந்தன. நேரடிப் பிரதி இன்னும் உள்பெட்டிக்கு வருகிறது. என் மடலுக்குப் பதில் வந்திருப்பதை அது காட்டுவதால் விட்டுவைத்திருக்கிறேன்.