கனஉலோக நஞ்சை அறியச் சிறுநீர்ப் பரிசோதனை: பட்டறைத் தொழிலாளர்களுக்கான வழிமுறை

கோவை நகைப் பட்டறையில் கேட்மியம் கலந்த பொடி வைத்து ஊதி நகையைப் பற்றவைப்பவர், முலாம் பட்டறையில் குரோமியத் தொட்டியருகே நிற்பவர், பழைய பேட்டரி உருக்கி ஈயம் எடுப்பவர் ஆகிய மூவருக்கும் ஒரே பரிசோதனை பொருந்தாது. ஆகவே எந்த உலோகத்தோடு வேலை செய்கிறீர்கள் என்பதையும், பற்பம், செந்தூரம் போன்ற சித்த மருந்துகளை உட்கொள்கிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஈயத்துக்கு இரத்தப் பரிசோதனையே உரியது. ஆர்செனிக், கேட்மியம், பாதரச ஆவி ஆகியவற்றுக்குச் சிறுநீர் நன்கு உதவும்.

கேட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்குவதால் எந்த நாளிலும் மாதிரி கொடுக்கலாம். குரோமியத்துக்கு வேலை வாரத்தின் கடைசி நாளில் வேலை முடிந்த உடனான நேரமே சரியானது. ஆர்செனிக் பார்ப்பதாக இருந்தால், முந்தைய ஐந்து நாள்கள் மீனும் இறாலும் தவிர்க்கப்பட வேண்டும். அவற்றிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக்கும் மொத்த அளவில் சேர்ந்து வீண் அச்சத்தைத் தரும்.

மாதிரியைப் பட்டறையில் பிடிக்கவே கூடாது. நகக்கண்ணில் ஒட்டிய தூசு ஒரு துளி விழுந்தாலும் முடிவு மாறிவிடும் என்பதால், வீட்டுக்கு வந்து குளித்து, உடை மாற்றி, கைகளைச் சோப்பால் தேய்த்துக் கழுவிய பிறகு, ஆய்வகம் தந்த பிளாஸ்டிக் குப்பியில் நேரடியாகப் பிடியுங்கள். எவர்சில்வர் டம்ளரில் பிடித்து ஊற்ற வேண்டாம். 24 மணி நேரச் சேகரிப்பு என்றால், காலையில் கழிக்கும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் வெளியேற்றிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் கழிப்பது உட்பட அனைத்தையும் சேர்க்க வேண்டும். நடுவில் ஒருமுறை தவறினாலும் புதிதாகத் தொடங்குவதே நேர்மையான வழி.

ஒரே ஒரு முறை பிடித்த மாதிரியை மட்டும் கொடுத்தால், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதைக் காட்டும் கழிவுப்பொருளான கிரியேட்டினினையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அது லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் குறைந்தாலோ 3 கிராமைத் தாண்டினாலோ மாதிரியை மீண்டும் கொடுப்பது நல்லது. கேட்மியம் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 3 மைக்ரோகிராமைக் கடந்தால், அமெரிக்கத் தொழில்நல விதிகளின்படி கண்காணிப்பு கூட்டப்படுகிறது.

உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதிக்கும் முறைக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். அம்மருந்து நலமானவர் உடலிலிருந்தும் உலோகத்தை இழுத்து அளவை உயர்த்திக் காட்டும். சாதாரண வரம்புகளோடு அந்த எண்ணை ஒப்பிட இயலாது.