ஒரே ஹெட்டரில் இரண்டு பாய்லர்: சேஃப்டி வால்வு எத்தனை கிலோவில் ஊத வேண்டும்?

மணிக்கு 3 டன் ஆவி தரும் பழைய பாய்லர் பக்கத்தில் புதிதாக 5 டன் வந்து, இரண்டும் ஒரே ஹெட்டரில் (பொது ஆவிக் குழாயில்) சேர்கின்றன. பெரியதுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 10.5 கிலோ (ச.செ.மீ.க்கு), சின்னதுக்கு 8.75. ‘ரெண்டுலயும்தான் வால்வு இருக்கே’ என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

ஹெட்டரில் ஆவி எடுப்பது நின்றால், 8.75-ல் சின்ன பாய்லரின் சேஃப்டி வால்வுகள்தான் முதலில் ஊதும், அதாவது திறந்து ஆவியை வெளியே விடும். அவற்றின் கொள்ளளவு மணிக்கு 3.3 டன். வருவதோ இரண்டும் சேர்ந்து 8 டன். பெரியதன் வால்வு 10.5 வரை வாய் திறக்காது. அதற்குள் சின்ன பாய்லர் 20% கூடுதல் அழுத்தம் தாங்கியாக வேண்டும்.

படி 1: இரண்டின் பெயர்த்தகடு, எல்லா வால்வுகளின் செட் அழுத்தம் (வால்வு திறக்கும் அழுத்தம்), கொள்ளளவு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

படி 2: உச்ச அழுத்தம் வேறுபடும் பாய்லர்களின் மிகக் குறைந்த செட்டிங்குகளுக்கு இடையே 6 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்து, ஆவி தாழ்ந்த பக்கம் போக வழியும் இருந்தால், அந்தப் பக்கத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பது அமெரிக்க விதி. நம் கணக்கில் எல்லை 9.28, 10.5 அதைத் தாண்டிவிட்டது. ஆவியைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே என்று சமாதானம் வேண்டாம். டிஸ்க் சிக்கிக்கொண்டால் அது வெறும் குழாய்தான்.

படி 3: இரண்டில் ஒரு வழி. தாழ்ந்த பக்கத்தில், அங்கே பாயக்கூடிய அதிகபட்ச ஆவிக்கு ஏற்ற கூடுதல் வால்வு வைக்கலாம். அல்லது பெரியதையும் 8.75-க்கு இறக்கலாம். இரண்டாவது சுலபமாகத் தெரியும், ஆனால் கொள்ளளவும் கூடவே இறங்கும். 10.5-ல் 5.5 டன் தள்ளிய வால்வுகள் 8.75-ல் சுமார் 4.66 டன்தான் தள்ளும். பாய்லர் தருவதோ 5 டன். பெரிய வால்வு மாற்றாமல் இறக்கக் கூடாது. வால்வு தயாரிப்பாளர் ஒப்பாமல், ஸ்பிரிங்கையும் வால்வில் பொறித்த அழுத்தத்திலிருந்து 5%-க்கு மேல் திருப்பக் கூடாது, இது 16.7%.

படி 4: பெரியதையும் இறக்கினால், ஒவ்வொரு பாய்லரிலும் ஒரு வால்வாவது 8.75 அல்லது அதற்குக் கீழே. அடுத்தது 3% மேலே, அதாவது 9.0 வரை போகலாம். ஊதிய வால்வு 4% இறங்கி 8.4 வாக்கில் மூடும். அதனால் ஓட்டும் அழுத்தத்தை 7.75 அருகே வையுங்கள். ஒட்டி ஓட்டினால் வால்வு கசிந்து சீட்டு அரிக்கும்.

படி 5: சீல் உடைப்பது ஆபரேட்டர் வேலையல்ல. இந்தியாவில் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் ஒழுங்குமுறைகள்) கீழ் வரும் பாய்லருக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் செய்யுங்கள். முதலில் பிரஷர் கேஜைச் சரிபாருங்கள். அதிக செட்டிங் வால்வை முதலில் செட் பண்ணுங்கள். அப்போது குறைந்ததை, திறக்காமல் பிடித்து வைக்கும் கேக் ஸ்குரூ (gag screw) போட்டு அடக்க வேண்டும். அதைக் குளிர்ந்த வால்வில் முறுக்காதீர்கள்: சூடேறி ஸ்பிண்டில் (வால்வின் நடுத்தண்டு) நீளும்போது வளைந்துவிடும். செட் அழுத்தத்தில் 80% வந்தபின், விரலால் மட்டும் இறுக்குங்கள். செட்டிங் முடிந்த கையோடு கழற்றி, வால்வுக்குப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி தொங்கவிடுங்கள்.