அம்ப்ரி ஆப்பிளைக் குளிர்காலம் முழுக்க வைத்திருக்க

காஷ்மீரின் பழைய நாட்டு ரகம் அம்ப்ரி. நல்ல இனிப்பு, அருமையான மணம், நீண்ட நாள் தாங்கும் சதை. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் பறிப்புக்கு வரும்.

பறிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி லேசாகத் திருகுங்கள். காம்போடு வர வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காம்பு பிய்ந்து, அந்தக் குழியில் பூஞ்சை பிடிக்கும். அடுத்த பூவுக்கான குட்டைக் கிளையும் சேர்ந்து முறியும். ஒரு வருஷம் காய்த்து மறுவருஷம் குறைவாகக் காய்க்கும் மரத்துக்கு அது பெரிய இழப்பு.

கழுவ வேண்டாம், துடைத்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். தோல்மேல் மெல்லிய சாம்பல் பூச்சாகத் தெரியும் இயற்கை மெழுகுதான் பழத்தின் ஈரத்தைக் காக்கிறது.

அடிபட்டது, புழு துளைத்தது எல்லாவற்றையும் முதலிலேயே சாப்பிட ஒதுக்குங்கள். மற்றவற்றைத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, நன்கு காய்ந்த வைக்கோல் பரப்பிய மரப்பெட்டியில் 2 அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். வைக்கோல் ஈரமாக இருந்தால் பூசண வாடை பழத்தில் ஏறிவிடும். அறை 0 முதல் 4 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். உறைந்துபோன பழம் இளகியதும் உள்ளே பழுப்பேறிக் கூழாகும். தோல் சுருங்கினால் காற்று வறண்டிருக்கிறது என்று அர்த்தம். துளையிட்ட பாலிதீன் உறையில் மாற்றுங்கள்.

10 நாளுக்கு ஒருமுறை பெட்டியைப் பாருங்கள். அழுகும் பழம் எத்திலீன் வாயுவை விட்டு, பக்கத்தில் இருப்பவற்றையும் சீக்கிரம் பழுக்க வைத்துவிடும்.