மூட்டை அரிசி இருந்தும் பிஸ்கட் தின்ற கதை: மழைக்காலச் சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி நகர்ந்த அன்று, எங்கள் வீட்டில் 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை பிரிக்காமல் இருந்தது. பருப்பு இருந்தது, ஃப்ரிட்ஜில் இரண்டு நாளுக்கு இட்லி மாவு இருந்தது. சிலிண்டர் மட்டும் தீர்ந்துபோய், இன்டக்‌ஷன் அடுப்பில் ஓட்டிக்கொண்டிருந்தோம். காலையில் போன கரண்ட் மூன்றாம் நாள்தான் வந்தது. மாவு பொங்கி வழிந்தது. மூட்டையைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட் தின்றோம்.

எவ்வளவு சாமான் இருக்கிறது என்றுதான் எண்ணுகிறோம். அடுப்பு எரியாவிட்டால் அதில் எதைச் சாப்பிட முடியும் என்று யோசிப்பதில்லை. புயல் மழையில் நமக்கு வருவது பஞ்சம் இல்லை. கரண்டும் தண்ணீரும் கேஸும் சேர்ந்து நின்றுபோகிற சில நாட்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டா கிராமங்கள் பலவற்றில் அது வாரக்கணக்கில் நீண்டது.

அதனால் மூன்று நாளுக்காவது அடுப்பே கேட்காத சாமான் தனியாக வேண்டும். மெல்லிய அவலில் தண்ணீர் தெளித்து, புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. கூடவே பொரி, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், ரஸ்க். பொட்டுக்கடலையை மழைக்கு முன்பே பொடித்துவிடுங்கள், கரண்ட் போனபின் மிக்ஸியும் ஓடாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் வெல்லத்தையும் ரஸ்க்கையும் நம்பி இருக்க முடியாது. கடலை வகைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால் அதன் பால் பவுடர்தான் முதல் கணக்கு.

தண்ணீரில் செய்யும் தவறு இதைவிடப் பெரியது. சம்ப் நிறைந்திருக்கிறது என்று தைரியமாக இருப்போம். மோட்டார் ஓடாது, ஆர்.ஓ. மிஷினும் ஓடாது. தெருவில் நிற்கும் வெள்ளம் சம்ப்புக்குள் இறங்கினால் சாக்கடையும் சேர்ந்தே இறங்கும். கழுவிச் சுத்தம் செய்யும்வரை அதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொண்டால், நாலு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. புயல் எச்சரிக்கை வந்த பிறகு கேன் போடுகிறவருக்குப் போன் செய்தால் அவர் எடுக்க மாட்டார், எடுக்கவும் முடியாது.

புயலுக்கு முதல் நாள் கடைகளில் நடக்கும் கூத்து தெரிந்ததுதான். பால் பாக்கெட்டும் பிரெட்டும் அள்ளுவோம். மூடியே வைத்திருந்தாலும் கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம்தான் குளிர் தாங்கும். அந்த ஈரத்தில் பிரெட் சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும். பிரிக்காதவரை ஃப்ரிட்ஜ் வேண்டாத டெட்ரா பேக் பாலும் பால் பவுடரும் போதும். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கமும் வையுங்கள், டவர் போனால் ஜி.பே. வேலை செய்யாது.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் மளிகையைச் சிங்க்குக்கு அடியில் அடுக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை வீடுகளில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் ஏறியபோது பலருக்கு எடுத்து வைக்கவே நேரம் இருக்கவில்லை. பரண்தான் சரியான இடம். வெள்ளத்தில் நனைந்த அரிசியைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. வேண்டாம், கொட்டிவிடுங்கள். கேஸ் இல்லையென்று பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமலே ஆளைக் கொல்லும்.

எல்லாம் வாங்கிப் பரணில் ஏற்றிவிட்டு மறந்துபோவதும் நடக்கும். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் அவலில் வண்டு, கடலையில் சிக்கு வாடை. எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைப் பெட்டியை இறக்கும்போது இந்த டப்பாக்களும் இறங்கும். பழைய வேர்க்கடலை சுண்டலுக்குப் போகும், புதிய பாக்கெட் மேலே ஏறும். அடுத்த சில வாரங்களில் ஐப்பசி அடைமழை வந்துவிடும்.