சிறுவாட்டுப் பணத்திலிருந்து சொந்தக் கணக்குக்கு: ஐம்பதைத் தொட்ட பெண்களுக்கு

மதுரையில் ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். பணப் பேச்சை எடுத்தாலே "அதெல்லாம் அவரு பாத்துக்குவாரு, எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்குகிற அக்காமார்களை நிறையப் பார்க்கிறேன். அதே அக்காவிடம் போன தையில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு செய்தீர்கள் என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். பால் பாக்கி, குழுத் தவணை, அரிசிப் பானைக்குள் கிடக்கும் சிறுவாடு எல்லாம் மனப்பாடம். இவருக்குக் கணக்குத் தெரியாது என்றால் யார் நம்புவது? பணத்தைக் கட்டி ஆளத் தெரிந்தவர்தான், ஆனால் அதில் ஒன்றுகூட அவர் பேரில் இருக்காது. குறை அங்கேதான். அதைச் சரிசெய்கிற வழியை வரிசையாக எழுதுகிறேன், ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வாருங்கள்.

படி 1: ஒரு நோட்டுப் போடுங்கள்

சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கம் உங்கள் பேரில் இருப்பவை: பாங்குக் கணக்கு, நகை, நிலம், சீட்டு, குழுச் சேமிப்பு. எதிர்ப்பக்கம் நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன்கள், மகனுக்காகப் போட்டது, தம்பிக்காகப் போட்டது, குழுவில் உங்கள் பேரில் எடுத்து வேறு யாரோ செலவழித்தது எல்லாம். வெட்கப்படாமல் எழுதுங்கள், வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

அப்புறம் மொய். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று நம் பக்கத்தில் மொய்யை விட்டுவிட்டு எந்தக் குடும்பத்துக் கணக்கும் முழுசாகாது. திரும்பச் செய்ய வேண்டியது எவ்வளவு, நமக்கு வர வேண்டியது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, எந்த மாதம் வரும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். எங்கள் குழுவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இப்படி எழுதிப் பார்த்தபோது ஆவணியில் மட்டும் ஐந்து வீட்டுச் செய்முறை வரிசையில் நின்றது. ஒவ்வொரு வருடமும் ஆவணியில் அவர் வட்டிக்கு வாங்குவதன் காரணம் அன்றைக்குத்தான் அவருக்கே பிடிபட்டது. இப்போது சித்திரையிலிருந்தே அதற்கென்று தனியாக எடுத்து வைக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள், மொய் நோட்டில் எழுதுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் பேரும் ஊரும்தான், பணம் என்னவோ பாதி நேரம் உங்கள் சிறுவாட்டிலிருந்து போனதாக இருக்கும். உங்கள் நோட்டில் அதை உங்கள் பணம் என்றே எழுதுங்கள்.

படி 2: தனிப் பேரில் கணக்கு, சொந்த போன் நம்பர்

கூட்டுக் கணக்கு இருந்தால் இருக்கட்டும். அதற்கு மேல் உங்கள் பேரில் மட்டும் ஒன்று வேண்டும். ஆதார், பான், போட்டோ கொண்டுபோனால் போதும், ஜன்தன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்புகூட வைக்க வேண்டியதில்லை. ஏற்கனவே கணக்கு இருப்பவர்கள் முதலில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் வரவு பதியுங்கள். கடைசியாக அச்சடித்து இரண்டு வருடம் ஆன பாஸ்புக்குகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உண்மையான சிக்கல் போன் நம்பரில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை நேராகப் பெண்ணின் கணக்குக்குத்தான் வருகிறது. ஆனால் பணம் ஏறிய மெசேஜ் மகன் போனுக்கும், ஏடிஎம் கார்டு மருமகன் பர்ஸுக்கும் போனால் அது யார் கணக்கு? கிளையில் நம்பர் மாற்றும் படிவத்தை வாங்கி உங்கள் நம்பரைக் கொடுங்கள். கார்டின் ரகசிய எண்ணை நீங்களே மாற்றுங்கள். ஓடிபி கேட்டு யார் பேசினாலும், பாங்கு மேனேஜர் என்றே சொன்னாலும், போனை வையுங்கள். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்குச் சின்னப்பிள்ளை அம்மாவைச் சொல்வேன். மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் கூலியாக இருந்து, எழுத்து தெரியாமலே களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டி வளர்த்தவர். 2001-ல் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

படி 3: கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்

அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி கூப்பிடுவார்கள், "ஒரு கையெழுத்துதான், வந்துட்டுப் போ" என்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் நீட்டப்படுவது விடுதலைப் பத்திரம், அதாவது பூர்வீகச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது. இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, அதில் அதற்கு முன் கல்யாணமானவர்கள் விடுபட்டிருந்தார்கள். 2005 மத்தியத் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்துப் பதிந்திருந்தால் அதைக் கிளற முடியாது.

பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. மனசார விட்டுக்கொடுப்பதென்றால் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் என்ன விட்டுக்கொடுக்கிறோம், அதன் மதிப்பு என்ன என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். பத்திர நகலை ஒரு வாரம் முன்பே வாங்கி, உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். பதிந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இதே சூட்டில் வீட்டுக்காரர் கணக்குகளில் நாமினி யார் என்றும் பாருங்கள். அவர் அம்மா பேரிலேயே நிற்கிற கணக்குகள் ஏராளம். நாமினி என்பவர் பணத்தை வாங்குகிறவர்தான், வாரிசு உரிமை தனி, அதனால் உயிலும் எழுதி வைப்பது நல்லது.

படி 4: நகை

நம் வீட்டுப் பெண்களின் பெரிய சொத்து இதுதான், அதிகம் கைமாறுவதும் இதுதான். கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை உங்களுடையது, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, பவுன், பில் இருந்தால் பில், அடகில் இருந்தால் எந்த இடத்தில், யார் பேரில், எந்தத் தேதியில் என்று நோட்டில் ஏற்றுங்கள். உங்கள் நகையை அடகு வைத்தால் ரசீது உங்கள் பேரில் இருக்க வேண்டும். பாங்கு, கூட்டுறவுச் சங்கம் இரண்டையும் விசாரித்த பிறகே தெருமுனைக் கடைக்குப் போங்கள். புதிதாக வாங்கினால் தெற்காவணி மூல வீதியில் எந்தக் கடையானாலும் ஹால்மார்க்கோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நகைக்கடையில் மாதாமாதம் கட்டும் சீட்டுக்கும் பாங்கு டெபாசிட்டுக்கும் வித்தியாசம் உண்டு. பாங்கு மூழ்கினால் ஒருவருக்கு ஒரு பாங்கில் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. நகைக்கடை மூடினால் அது கிடையாது. ஏலச்சீட்டு கட்டுவதென்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒப்பந்த நகலைக் கையில் வாங்குங்கள். "நம்ம அக்காதானே நடத்துறாங்க" என்பது பதிவு எண் ஆகாது.

படி 5: அஞ்சலகம்

மூன்று மாதச் செலவுக்கான பணத்தை முதலில் சேமிப்புக் கணக்கில் சேருங்கள். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போடலாம். 2025 நிலவரப்படி வட்டி 6.7 சதவீதம், மாதம் 1,000 கட்டினால் ஐந்து வருடத்தில் சுமார் 71,000 வரும். கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் மாத வருமானத் திட்டம், 7.4 சதவீதம், 3 லட்சம் போட்டால் மாதம் 1,850 ரூபாய். அறுபது ஆனவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 8.2 சதவீதம், 5 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து அறிவிக்கும் என்பதால் போடும் அன்று கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். பூக்கட்டு, அப்பளம், சுங்குடி முடிச்சு என்று வருமானம் ஏறி இறங்குகிறவர்கள் இவ்வளவு ரூபாய் என்று வைக்காமல் வருவதில் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்து வையுங்கள். மார்கழியில் மல்லிகை விலை ஏறும்போது கூலியும் கூடினால் சேமிப்பும் தானாகக் கூடும்.

கணக்கு இருக்கிற இடத்திலேயே வருடம் 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் போட்டுவிடுங்கள், எழுபது வயது வரை 2 லட்சம். ஐம்பதுக்குள் இருப்பவர்கள் வருடம் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டிலும் சேரலாம்.

படி 6: ஜாமீன் கேட்டு வரும்போது

சேர்ந்த பணம் வெளியே தெரிந்ததும் கேட்டு வருவார்கள், பெரும்பாலும் பெற்ற பிள்ளையே வரும். பணமாகக் கொடுக்க முடிந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்குகிற தொகையை மட்டும் கொடுத்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஜாமீன் கையெழுத்தும் வீட்டுப் பத்திரமும் வேறு விஷயம். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் பாங்கு உங்களைத்தான் தேடி வரும், அறுபது வயதில் அதை அடைக்க உங்களுக்குச் சம்பளம் கிடையாது. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல வரவில்லையென்றால், "டெபாசிட்டில் போட்டாச்சுப்பா, அஞ்சு வருஷத்துக்கு எடுத்தா நஷ்டம்" என்று சொல்லுங்கள். அஞ்சலகத்தில் போட்டிருந்தால் அது நிஜமும்கூட, முன்கூட்டி எடுத்தால் வட்டியோ அசலில் கொஞ்சமோ குறையும்.